அறியாத பிள்ளைகள் அல்லர்

நாஜி வதைமுகாம்களில் அகப்பட்ட குழந்தைகளைப் பற்றி நம்மிடையே ஒரு கருத்து வேரூன்றி இருக்கிறது. பிள்ளைகளுக்கு என்ன தெரியும், சுற்றிலும் நடந்தது அவர்களுக்குப் புரிந்திருக்காது, புரியாமல் போனதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே கருணை என்பது அதன் முதல் பாதி. தப்பிப் பிழைத்தவர்களோ, சின்ன வயதில் பட்டதையெல்லாம் மறந்து வளர்ந்திருப்பார்கள் என்பது மறுபாதி. யாரும் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. சாவு வீட்டுத் திண்ணையில் விளையாடும் பிள்ளையைப் பார்த்து, "பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்று சொல்லும் அதே இரக்கம்தான் இதிலும் இருக்கிறது. ஆனால் இரக்கத்தில் பிறந்தது என்பதற்காக ஒரு கருத்து உண்மையாகிவிடாது.

இந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தவை இரண்டு கதைகள். ரொபெர்தோ பெனினியின் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' 1997இல் வந்தது. முகாமில் நடப்பதெல்லாம் விளையாட்டு, ஆயிரம் புள்ளி எடுத்தால் பீரங்கி வண்டி பரிசு என்று சொல்லித் தன் மகனை நம்பவைக்கும் தந்தையின் கதை. ஜான் பாயின் எழுதிய 'கோடுபோட்ட பைஜாமாச் சிறுவன்' 2006இல் நாவலாகவும் 2008இல் படமாகவும் வந்தது. முகாம் தளபதியின் ஒன்பது வயது மகனும், வேலிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் அதே வயது யூதச் சிறுவனும் நண்பர்களாகிறார்கள். இருவருக்கும் எங்கே இருக்கிறோம் என்றே சரியாகத் தெரியாது. இந்தப் படங்களைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அழுதவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கண்ணீரோடு சேர்ந்து மனத்தில் படிந்துபோகிற வரலாறு பொய்யானது. அந்தப் பொய், உயிரோடு மீண்ட பிள்ளைகளுக்கு இரண்டாம் முறையாகக் கேடு செய்தது. அதனால்தான் இதை மறுத்தே ஆக வேண்டும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். நாஜிகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும் கொன்ற குழந்தைகள் சுமார் 15 லட்சம். மிகப் பெரும்பாலோர் யூதக் குழந்தைகள். ரோமா குழந்தைகளும், ஊனமுற்றவர்கள் என்று ஜெர்மனியின் மருத்துவமனைகளிலேயே கொல்லப்பட்டவர்களும் உண்டு. ஆஷ்விட்ஸ் முகாமுக்கு மட்டும் 18 வயதுக்குட்பட்ட சுமார் 2,32,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான் முகாமுக்குள் ஒரு கைதி எண்ணாவது கிடைத்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் ரயிலிலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் நச்சுவாயு அறையில் இறந்தார்கள். 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை உள்ளே நுழைந்தபோது அங்கே உயிரோடு இருந்த சிறுவர் சிறுமியர் 700 பேர் சொச்சம். வேலிக்கருகே உட்கார்ந்து நட்பு வளர்க்க ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அங்கே அவகாசம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

இனி, பிள்ளைகளுக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கு வருவோம்.

1943 ஆகஸ்டில் போலந்தின் பியாலிஸ்டோக் நகரத்தில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவை நாஜிகள் அழித்தார்கள். அங்கே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட சுமார் 1,200 பிள்ளைகள் தனி ரயிலில் ஏற்றப்பட்டு, அந்த மாதக் கடைசி வாரத்தில் செக் நாட்டின் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு வந்துசேர்ந்தார்கள். கந்தல் உடை, பலருக்குக் காலில் செருப்பில்லை. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பேன் நீக்கிக் குளிப்பாட்ட அவர்களைக் குளியல் கூடத்துக்கு அழைத்துப்போனபோது, வாசலிலேயே அலறிப் பின்வாங்கினார்கள். "கேஸ், கேஸ்" என்று கத்தினார்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தார்கள்.

அவர்களைக் குளிப்பாட்ட வந்த தெரேசியன்ஸ்டாட்டின் யூதப் பெரியவர்களுக்கு அந்த அலறலின் பொருள் விளங்கவில்லை. மேற்கிலிருந்து வந்த அவர்கள் பலருக்குக் குளியல் கூடம் என்ற பெயரில் போலந்தில் என்ன நடக்கிறது என்று அதுவரை தெரியாது. தெரிந்திருந்தது பிள்ளைகளுக்கு. ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குப் போன ரயில்களைப் பற்றிய பேச்சு நடமாடிய நகரத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். எந்த அறை எதற்கு என்று கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார்கள். குழந்தைக்குத் தெரியாது, பெரியவருக்குத் தெரியும் என்ற நம் வழக்கமான கணக்கு அந்த வாசலில் தலைகீழாகக் கிடந்தது.

ஆறு வாரம் அவர்களை மற்றவர்களிடமிருந்து ஒதுக்கி, முள்வேலிக்குள் வைத்துச் சோறு போட்டுத் தேற்றினார்கள். ஜெர்மானியக் கைதிகளுக்கு ஈடாக இவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சுவார்த்தை நடந்து முறிந்தது. அக்டோபர் 5 அன்று பிள்ளைகளையும், அவர்களைக் கவனித்துக்கொண்ட 53 மருத்துவர், தாதியரையும் ரயிலேற்றினார்கள். அந்தத் தாதியரில் ஒருவர் ஓட்லா. எழுத்தாளர் காஃப்காவின் தங்கை. தானாக முன்வந்து பிள்ளைகளோடு போனவர். அக்டோபர் 7 அன்று ஆஷ்விட்ஸில் அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள்.

அந்த ரயில் ஓடிக்கொண்டிருந்த அக்டோபர் 6 அன்று போசன் நகரத்தில், எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தலைவர் ஹைன்ரிஷ் ஹிம்லர் நாஜிக் கட்சியின் உயர் தலைவர்கள் முன் ஓர் உரை நிகழ்த்தினார். பெண்களையும் குழந்தைகளையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது, அதற்கும் தெளிவான முடிவு கண்டேன் என்று அதில் சொன்னார். ஆண்களைக் கொன்றுவிட்டு, நாளை நம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பழிவாங்க அவர்களுடைய குழந்தைகளை வளரவிடுவது தனக்கு நியாயமாகப் படவில்லை என்பது அவர் தந்த விளக்கம். இந்த வாதத்தின் கொடூரத்தை எல்லோரும் பார்க்கிறோம். அதற்குள் ஒளிந்திருக்கும் ஒப்புதலைப் பலர் கவனிப்பதில்லை. குழந்தை பார்க்கும், நினைவில் வைக்கும், ஒருநாள் கணக்குக் கேட்கும் என்று கொலைகாரனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. அந்தக் குழந்தைகளுக்காகக் கண்ணீர் விடும் நாமோ அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறோம்.

ஆஷ்விட்ஸின் பிர்கெனாவ் முகாமில் 'குடும்ப முகாம்' என்று ஒரு பகுதி இருந்தது. 1943 செப்டம்பரில் தெரேசியன்ஸ்டாட்டிலிருந்து வந்த சுமார் 5,000 பேரை வழக்கம்போல் தரம் பிரிக்காமல் குடும்பத்தோடு அங்கே வைத்தார்கள். டிசம்பரில் இன்னொரு கூட்டம் வந்தது. வெளியுலகம் கேட்டால் காட்டுவதற்கான ஏற்பாடு. ஃப்ரெடி ஹிர்ஷ் என்ற இளைஞர் எஸ்.எஸ். காவலர்களோடு பேசி, அங்கே குழந்தைகளுக்கென ஒரு கொட்டகையை வாங்கினார். பாட்டு, நாடகம், வாய்ப்பாடம், தினமும் பனியில் கைகால் கழுவும் ஒழுங்கு. சுவரில் ஸ்னோ ஒயிட் படம்கூட வரைந்திருந்தார்கள். புரியாமல் வாழ்ந்த குழந்தைகள் என்ற கதைக்கு இதைவிட ஏற்ற இடம் கிடைக்காது. ஆகவே அங்கேயே போய்ப் பார்ப்போம்.

1944 மார்ச் 8 இரவு, செப்டம்பரில் வந்தவர்களில் உயிரோடு இருந்த 3,792 பேரை ஒரே இரவில் கொன்றார்கள். ஹிர்ஷும் அன்று இறந்தார். வந்து சரியாக ஆறு மாதம். டிசம்பரில் வந்த பிள்ளைகள் மறுநாள் காலை கொட்டகைக்கு வந்தபோது தோழர்கள் இல்லை. ஆறு மாதம் என்பது விதி என்றால் தங்கள் முறை ஜூனில் வரும் என்று கணக்குப் போட அவர்களுக்குப் பெரியவர்கள் துணை வேண்டியிருக்கவில்லை. அந்த நாளை எதிர்பார்த்துக்கொண்டே பாட்டுக் கற்றார்கள். அந்த முகாமில் பத்து வயதுச் சிறுவனாக இருந்த ஓட்டோ டோவ் குல்கா பிற்காலத்தில் ஜெருசலேமில் வரலாற்றுப் பேராசிரியரானார். தன் சொந்த நினைவுகளைத் தன் ஆராய்ச்சியில் கலக்காமல் பல பத்தாண்டுகள் தள்ளி வைத்திருந்துவிட்டு முதுமையில்தான் நூலாக்கினார். எரிகூடங்களிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் பீத்தோவனின் ஆனந்தப் பாடலைக் குழந்தைகளின் குழுவில் பாடியதை அதில் எழுதுகிறார். பிள்ளைகள் பங்கேற்ற ஒரு கேலி நாடகத்தையும் நினைவுகூர்கிறார். இறந்தவர்கள் சொர்க்கத்துக்குப் போகிறார்கள். போய்ப் பார்த்தால் அங்கேயும் ஆள் பொறுக்குகிறார்கள், அங்கேயும் எரிகூடம் இருக்கிறது. புரியாத பிள்ளைகளால் இந்த நாடகத்தை நடிக்கவும் முடியாது, பார்த்துச் சிரிக்கவும் முடியாது.

அவர்களுடைய விளையாட்டைப் பற்றியும் சாட்சியங்கள் இருக்கின்றன. முகாம் தலைவன், கொட்டகைத் தலைவன், தலையெண்ணிக்கை, தொப்பியைக் கழற்று என்ற கட்டளை. நம் பிள்ளைகள் டீச்சர் விளையாட்டு விளையாடுவதுபோல் இவற்றை விளையாடினார்கள். நச்சுவாயு அறை விளையாட்டும் இருந்தது. குழியில் கற்களைப் போட்டு, உள்ளே இருப்பவர்கள் போடும் சத்தத்தைப் போட்டுக் காட்டுவார்கள். இதைக் கண்ட பெரியவர்கள் பதறினார்கள். பெனினியின் படத்தில் தந்தை கண்டுபிடிக்கும் விளையாட்டு உண்மையை மறைக்கிறது. பிர்கெனாவில் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்த விளையாட்டில் உண்மை துளி குறையாமல் இருந்தது.

1944 ஜூலையில் குடும்ப முகாமை அழித்தபோது, வேலைக்கு ஆகும் என்று சில பத்துச் சிறுவர்களை மட்டும் விட்டு வைத்தார்கள். அவர்களில் ஒருவன் யெஹூதா பேகன், 1929இல் பிறந்தவன். குதிரைகளுக்குப் பதில் வண்டி இழுக்கும் வேலை. முகாமின் எல்லாப் பகுதிக்கும் போய்வருவார்கள். ஒருநாள் கடும் குளிரில், எரிகூடத்துக்கு விறகு எடுக்கப் போனபோது, உள்ளே யாரும் இல்லாத நேரத்தில் நச்சுவாயு அறையில் நின்று குளிர் காய்ந்துகொள்ளச் சொன்னார் அங்கிருந்த மேற்பார்வையாளர். பேகன் குளிர் காய்ந்ததோடு நிற்கவில்லை. ஷவர் எப்படிப் போலியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, குழாய் எங்கே போகிறது என்று பார்த்தான். பிணங்களை அகற்றும் வேலைக்கு அமர்த்தப்பட்ட கைதிகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டான். என்றாவது வெளியே சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்டான். 1945இல் விடுதலையானதும் அதை நினைவிலிருந்து வரைந்தான். 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐஷ்மன் மீதான வழக்கில் சாட்சி சொன்னபோது அந்தப் படங்கள் ஆவணமாக வைக்கப்பட்டன. பேகனின் இன்னொரு கரிக்கோல் ஓவியத்தில் எரிகூடப் புகையிலிருந்து தந்தையின் முகம் எழுகிறது. ஓரத்தில் தந்தை கொல்லப்பட்ட நாளும் மணியும் குறிக்கப்பட்டிருக்கின்றன: 1944 ஜூலை 10, இரவு 10.

அதே 1929இல் பிறந்த இன்னொரு சிறுவன் தாமஸ் கீவ் என்ற புனைபெயரில் பின்னாளில் எழுதினார். 13 வயதில் ஆஷ்விட்ஸுக்கு வந்து கொத்தனார் வேலை பழகி உயிர் பிழைத்தவர். பூகன்வால்ட் முகாமில் விடுதலையானபோது நடக்கக்கூட வலுவில்லை. கிடைத்த துண்டுப் பென்சில்களால், எஸ்.எஸ். அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் 79 படங்களை வரைந்தார். இங்கிலாந்தில் இருந்த தந்தைக்கு நடந்ததைக் காட்ட வேண்டும் என்று. ரொட்டிப் பங்கீடு, தண்டனைகள், கைதிகளின் அடையாளக் குறிகள், ஆள் பொறுக்கும் நடைமுறை, பேன் ஒழிப்பு. முகாம் எந்திரத்தின் ஒவ்வொரு பல்சக்கரமும் அதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து, பிற்காலத்தில் பெரியவர்கள் பலர் பக்கம் பக்கமாக எழுதியும் இவ்வளவு தெளிவாக அதைக் காட்டவில்லை.

இந்த இடத்தில் எதிர்வாதிகள் சொல்வதைக் கேட்க வேண்டும். அவர்களிடம் வலுவான வாதங்கள் உண்டு.

நீ சொல்வதெல்லாம் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் கதை என்ன என்பார்கள். 1942 ஜூலையில் பாரிஸில் பிரெஞ்சுக் காவலர்களே சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். அதில் 4,000க்கும் மேல் குழந்தைகள். தாய்மாரை முதலில் அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைப் பின்னால் ட்ரான்சி முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். தம் பெயரே சொல்லத் தெரியாத குழந்தைகள் அதில் இருந்தார்கள். பெயர்ப் பட்டியலில் அவர்களை எப்படி எழுதுவது என்று எழுத்தர்கள் திணறினார்கள். இதைவிட அறியாமை வேறு என்ன வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் அதே ட்ரான்சியில் இருந்து பின்னாளில் சாட்சி சொன்னவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். ரயிலேறும் நாள் விடியலில் அந்தக் குழந்தைகள் மாடியிலிருந்து இறங்க மறுத்து அலறினார்கள், காவலர்கள் ஏறிப்போய் ஒவ்வொருவராகத் தூக்கிவர வேண்டியிருந்தது. போகும் இடத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அது போகக் கூடாத இடம் என்று தெரிந்தது. ஆஷ்விட்ஸ் என்ற சொல் தெரிந்தால்தான் தெரிந்ததாகக் கணக்கு என்று நாம் வைத்துக்கொண்டால் தவறு நம் கணக்கில்தான்.

இன்னொரு வாதம், பெற்றோர் உண்மையிலேயே பிள்ளைகளிடம் மறைத்தார்களே, பெனினி காட்டியது அந்த அன்பைத்தானே என்பது. மறைத்தார்கள். தம் பங்கு ரொட்டியைப் பிள்ளைக்குத் தந்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அந்த அன்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் மறைத்தது வெற்றி பெற்றது என்று அந்தப் படம் சொல்கிறது. அங்கேதான் அது வழுக்குகிறது. பிள்ளைகள் நம்புவதுபோல் நடித்தார்கள், பெற்றவர்கள் உடைந்துபோகாமல் இருக்க. ஆள் பொறுக்கும் வரிசையில் வயதைக் கூட்டிச் சொல்லித் தன் உயிரைத் தானே காத்துக்கொண்ட பிள்ளைகள் பலர். வியன்னாவிலிருந்து வந்த ரூத் க்ளூகர் 12 வயதில் தனக்கு 15 என்று சொன்னாள். அருகிலிருந்த கைதிப் பெண் காதோடு சொல்லிக்கொடுத்த பொய் அது. கண் இமைக்கும் நேரத்தில் அதன் பொருளைப் பிடித்துக்கொண்டு எஸ்.எஸ். அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பிள்ளையை 'விவரம் தெரியாதவள்' என்று எப்படிச் சொல்வது?

ஹங்கேரிய எழுத்தாளர் இம்ரே கெர்தேஸ், 14 வயதில் ஆஷ்விட்ஸ் போனவர், 2002இல் நோபல் பரிசு பெற்றவர், பெனினியின் படத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறார். அந்தப் பாராட்டு என் வாதத்துக்குப் பாதகம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் கெர்தேஸ் தன் வாழ்வின் பெரிய நாவலான 'விதியின்மை'யில் படைத்த சிறுவன் யார்? ரயிலிலிருந்து இறங்கிய முதல் நாளே, காற்றில் வந்த வாடை என்னவென்று படிப்படியாகக் கண்டறிகிறவன். தன்னோடு வந்தவர்கள் இந்நேரம் என்ன ஆகியிருப்பார்கள் என்று நிதானமாக யோசிக்கிறவன். ஒன்றைக்கூட அவன் கண் தவறவிடுவதில்லை. நாவலின் கடைசியில் அவன் புடாபெஸ்டுக்குத் திரும்பும்போது அண்டை வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? நடந்த பயங்கரத்தை மறந்துவிடு, புதுவாழ்வு தொடங்கு என்கிறார்கள். அவன் மறுத்துவிட்டு வெளியேறுகிறான். நான் கெர்தேஸின் கட்டுரையைவிட அவருடைய நாவலின் பக்கம் நிற்கிறேன்.

யானுஷ் கோர்சாக் பெயரை இங்கே சொல்லாமல் நகர முடியாது. வார்சா கெட்டோவில் அநாதை விடுதி நடத்திய மருத்துவர். சுமார் 200 பிள்ளைகளோடு 1942 ஆகஸ்ட் 5 அன்று ட்ரெப்லிங்காவுக்கு ரயிலேறியவர். தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்தவர். உல்லாசப் பயணம் போகிறோம் என்று பிள்ளைகளை ஏமாற்றி அழைத்துப்போனார் என்றொரு கதை உலவுகிறது. அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கே விரோதமான கதை அது. குழந்தைகளே நீதிபதிகளாக இருந்து தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றத்தைத் தன் விடுதியில் நடத்தியவர். அந்த நீதிமன்றத்தில் தன்னையே குற்றவாளியாக நிறுத்திக்கொண்டவர். 1926இல் குழந்தைகளே எழுதும் செய்தித்தாளைத் தொடங்கியவர். குழந்தைக்கு மரியாதை தருவது பெரியவரின் கடமை என்று 1929இல் ஒரு நூலே எழுதியவர். ரயிலேறுவதற்கு 18 நாள் முன்பு, ஜூலை 18 அன்று, அவருடைய விடுதிப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். ரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்'. நோயில் கிடக்கும் சிறுவன் அமல், சன்னல் வழியே உலகத்தைப் பார்த்தபடி அரசனின் கடிதத்துக்குக் காத்திருந்து கண் மூடும் கதை. ஏன் இந்த நாடகம் என்று கேட்டவர்களிடம், சாவை அமைதியோடு எதிர்கொள்ளப் பிள்ளைகள் பழக வேண்டும் என்று அவர் சொன்னதாகப் பதிவுகள் உண்டு. குழந்தைகளுக்குப் புரியாது என்று நம்பிய ஒருவர் தாகூரின் அந்த நாடகத்தைத் தேடி எடுத்திருக்க மாட்டார்.

கோடுபோட்ட பைஜாமா நாவல் செய்யும் தீங்கு இன்னும் ஆழமானது. அதன் நாயகன் ஜெர்மானியச் சிறுவன். தளபதியின் மகனாக இருந்தும் யூதன் யார், முகாம் எது என்று தெரியாதவன். அக்காலத்து ஜெர்மன் பிள்ளைகளுக்கு யூதர்களை விஷக்காளான் என்று கற்பிக்கும் வண்ணப் படப் புத்தகம் 1938லேயே யூலியஸ் ஷ்ட்ரைஷரின் பதிப்பகத்திலிருந்து வந்திருந்தது. பத்து வயதானால் நாஜி இளைஞர் படையின் இளநிலைப் பிரிவில் சேர வேண்டும். பள்ளிக்கூடமே வெறுப்பைக் கற்பித்தது. அந்த நாட்டில் ஒன்பது வயதுப் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டும்போது, 'எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று போருக்குப் பிறகு பெரியவர்கள் சொன்ன சாக்குக்குக் குழந்தை முகம் மாட்டிவிடப்படுகிறது. கதை முடிவில் வாசகர் அழுவது தளபதியின் மகன் தவறுதலாகச் செத்ததற்கு. தவறுதலாக அல்லாமல், திட்டமிட்டுக் கொல்லப்பட்டவர்கள் பின்னணிக்குப் போகிறார்கள். இந்த வரலாற்றைப் படிப்போரும் கற்பிப்போரும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகம் 2020 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. பலர் அதை இலக்கியத்தின் மீதான கெடுபிடி என்று கோபித்தார்கள். எனக்கு அது காலம் தாழ்ந்த நேர்மையாகவே பட்டது.

யாருக்குத் தெரிந்திருந்தது, யாருக்குத் தெரியவில்லை என்பதற்கு இன்னொரு காட்சி. தெரேசியன்ஸ்டாட்டுக்கு 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக நாஜிகள் தெருக்களைக் கழுவி, ரோஜாச் செடி நட்டு, குழந்தைகளை 'புருண்டிபார்' இசை நாடகம் பாடவைத்தார்கள். வந்த பிரதிநிதி பார்த்துவிட்டுச் சாதகமாக அறிக்கை எழுதினார். அவர் வளர்ந்த மனிதர். மேடையில் பாடிய பிள்ளைகளுக்கோ மொத்த ஊரும் அன்று நாடகம் போடுகிறது என்று தெரியும். அந்த ஊரில்தான் 13 முதல் 15 வயதுப் பையன்கள் 'வெடெம்' என்ற கையெழுத்து வார இதழை இரண்டு ஆண்டுகள் ரகசியமாக நடத்தினார்கள். ஆசிரியர் பேத்ர் கின்ஸ். ஊரைச் சுற்றி வந்து பிணக்கிடங்கு, எரிகூடம் வரை நேரில் பார்த்து அவன் எழுதிய கட்டுரைத் தொடர் அதில் இருக்கிறது. 800 பக்கங்கள் எஞ்சின. 16 வயதில் கின்ஸ் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டான்.

இனி, மறந்துவிடுவார்கள் என்ற மறுபாதி. இதுதான் பிழைத்தவர்களை நேரடியாக வதைத்தது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு 16 வயதுக்குட்பட்ட 1,000 அநாதைப் பிள்ளைகளை ஏற்கச் சம்மதித்தது. தேடிப் பார்த்ததில் 732 பேர்தான் கிடைத்தார்கள். அவர்களோடு வந்த சின்னஞ்சிறுசுகளில் ஆறு பேர், கைக்குழந்தையாகத் தெரேசியன்ஸ்டாட்டில் விடப்பட்டு, தாய் முகமே அறியாமல் வளர்ந்தவர்கள். வயது மூன்று, நான்கு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டில் அவர்களை வளர்த்து, உளப்பகுப்பாய்வாளர் ஆன்னா ஃபிராய்டும் சோஃபி டானும் 1951இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பொம்மைகளை உடைத்தார்கள், பெரியவர்களைக் கடித்தார்கள், துப்பினார்கள். நாயைக் கண்டால் நடுங்கினார்கள், முகாமில் காவல் நாய்கள் இருந்தன. ஒருவரைவிட்டு ஒருவர் ஒரு நிமிடம் பிரியமாட்டார்கள். பலகாரம் கொடுத்தால் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததா என்று பார்த்த பிறகுதான் தான் தின்பார்கள். 'முகாம்' என்ற சொல்லைக்கூட விளங்கிக்கொள்ளாத வயதுதான். அந்த முகாமோ அவர்களுடைய பல்லிலும் பசியிலும் இருந்தது.

இதைப் பார்த்த பிறகும் உலகம் தன் நம்பிக்கையை விடவில்லை. மேற்கு ஜெர்மனியின் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்களைச் சோதித்த மருத்துவர்கள் பலர், அவ்வளவு சிறு வயதில் நடந்தது நினைவிலேயே இராது, ஆகையால் நிலையான பாதிப்பும் இராது என்று எழுதித் தள்ளினார்கள். பெரியவர்களிடமும் இரக்கம் காட்டாத மருத்துவம் அது. தன் பிள்ளைகளில் எத்தனை பேர் கொல்லப்படுவதை அறிகுறி இல்லாமல் ஒருவர் தாங்கினால்தான் அவருக்கு இயல்பான உடல்வாகு என்பீர்கள் என்று கேட்பதையே தலைப்பாக வைத்து, உளப்பகுப்பாய்வாளர் கர்ட் ஐஸ்லர் 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தையாக இருந்து மீண்டவர்களுக்கு அவர்களுடைய சொந்த மக்களிடமும் இடமில்லை. நீ சின்னவன், உனக்கு என்ன நினைவிருக்கும், பட்டவர்கள் நாங்கள் என்று முகாமிலிருந்து மீண்ட பெரியவர்களே சொன்னார்கள். 1991இல் நியூயார்க்கில், போர்க்காலத்தில் ஒளித்து வைக்கப்பட்ட குழந்தைகளின் முதல் மாநாடு கூடியபோது சுமார் 1,600 பேர் வந்தார்கள். தானும் தப்பிப் பிழைத்தவர்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதுவரை தனக்கு இருப்பதாக நினைக்காதவர்கள் அவர்களில் நிறைய.

ஹான்ஸ் கெய்ல்சன் என்ற மருத்துவர் நெதர்லாந்தில் யூத அநாதைகள் 200க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1979இல் முடிவுகளை வெளியிட்டார். போரின்போது பட்டதைப்போலவே, போருக்குப் பிறகு அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதும் அவர்களுடைய வாழ்வைத் தீர்மானித்தது என்று கண்டார். போரில் கொடிய அனுபவம் பட்டும் பின்னர் புரிந்துகொள்ளும் வீடு வாய்த்த பிள்ளைகள், போரில் குறைவாகப் பட்டுப் பின்னர் புரிதலற்ற சூழலில் வளர்ந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். மறந்துவிடு என்று சொல்லி வாயை மூடிய ஒவ்வொரு வீடும் என்ன செய்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. குழந்தைகளாக இருந்து பிழைத்தவர்களுக்கென ஜெர்மன் அரசு தனியாக நிதி ஒதுக்க ஒப்புக்கொண்டது 2014இல். ஒருமுறை மட்டும் 2,500 யூரோ. அப்போது அந்தக் 'குழந்தை'களில் மிக இளையவருக்கே எழுபது வயதை நெருங்கியிருந்தது.

அவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. போர் முடிந்த கையோடு போலந்தின் யூத வரலாற்று ஆணையம் பிள்ளைகளை உட்காரவைத்து வாக்குமூலம் எழுதியது. 1947இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பும் வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் 'குழந்தைகள் குற்றஞ்சாட்டுகிறார்கள்'. அமெரிக்க உளவியலாளர் டேவிட் போடர் 1946இல் கம்பி ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவின் அகதி முகாம்களுக்குப் போய்ச் சிறுவர் குரல்களையும் பதிவு செய்தார். நமக்குப் பிடித்த படங்கள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே மூலச் சாட்சியம் முழுவதும் கைவசம் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

இதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது, அவர்களுக்குத் தாங்காதே, அதனால்தான் அந்தப் படங்களைப் போட்டுக் காட்டுகிறோம் என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கவலை. ஆறாம் வகுப்பில் பிணக்குவியலைக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் நம் பத்தாம் வகுப்பு மாணவர்கள் இரண்டாம் உலகப்போரைப் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்களுக்கு வயது பதினைந்து. தாமஸ் கீவ் 79 படங்களை வரைந்த வயது அது. 'வெடெம்' இதழை நடத்தியவர்களில் பலர் அதைவிடச் சிறியவர்கள். கீவின் படங்களில் இரத்தம் மிகக் குறைவு. ரொட்டி எத்தனை துண்டு, எழுப்பும் மணி எப்போது, எந்த நிற முக்கோணம் யாருக்கு என்ற விவரம்தான் அதிகம். வேலியோரம் உட்கார்ந்திருக்கும் கற்பனைச் சிறுவனுக்குப் பதிலாக அந்தப் படங்களில் நான்கைந்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று மாணவர்களையே சொல்லச் சொல்லலாம். வரைந்தவனுக்குத் தன்னைச் சுற்றி நடந்தது எவ்வளவு தூரம் தெரிந்திருந்தது என்பதை அவர்களே ஆசிரியருக்கு எடுத்துச் சொல்வார்கள்.